கோடியை அடைத்தால் கரை உடையும்: சேர்வராயன் அடிவார மண்ணணைகளுக்கு மழைக்காலக் குறிப்பு

சேலத்துச் சேர்வராயன் மலை அடிவாரத்துச் சிற்றணைகளிலும் ஏரிகளிலும் ஐப்பசி பிறந்ததும் கலிங்கின் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்தோடும் தாழ்ந்த சுவர்; கோடி என்றும் சொல்வோம்) மேல் ஒரு வரிசை மணல் மூட்டை ஏறிவிடும். 'இன்னும் ஓரடி தண்ணி நின்னா தை மாசம் வரைக்கும் கிணறு வத்தாது' என்ற கணக்கு. மீன் ஏலம் எடுத்தவர் தன் பங்குக்கு மூங்கில் தட்டியும் வலையும் கட்டியிருப்பார். மீன் வழிந்து போய்விடக் கூடாதே என்பது அவர் கவலை. இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் அந்த ஓரடிக்குக் கரை கொடுக்கும் விலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

நான்கு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவின் நீர் வந்து சேரும் ஓர் அணையை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் சிறிய ஏரிகளுக்கு வெள்ள அளவைக் கணிக்க ரைவ்ஸ் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறோம். மலையை ஒட்டிய பகுதிக்கு அதன் கெழு (சூத்திரத்தில் பெருக்கும் எண்) 10.2. அப்படிப் பார்த்தால் உச்ச வெள்ளம் நொடிக்குச் சுமார் 26 கனமீட்டர். கலிங்கின் மேல் 60 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடினால் மீட்டர் நீளத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 0.8 கனமீட்டர் வெளியேறும். ஆக, கலிங்கின் நீளம் 33 மீட்டராவது வேண்டும். அதே கலிங்கில் ஓரடி உயரத்துக்கு மூட்டை வைத்தால், அதே நீர்மட்டத்தில் ஓடும் ஆழம் 30 செ.மீ. ஆகிவிடும். ஆழம் பாதியானால் வெளியேறும் நீரும் பாதியாகும் என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 26 போக வேண்டிய இடத்தில் 9 கனமீட்டர்தான் போகும். வலையில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் வந்து அடைத்தால் அதுவும் இல்லை.

மிச்சத் தண்ணீர் ஏரியை உயர்த்தும். பெருவெள்ள மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். டிராக்டரும் டிப்பரும் ஓடி ஓடிக் கரை 40 செ.மீ. தேய்ந்திருக்கும். மூட்டை 30 செ.மீ. எடுத்துக்கொண்டது. காற்றடித்தால் அலை 20, 30 செ.மீ. ஏறும். கூட்டிப் பாருங்கள், ஒரு மீட்டர் தீர்ந்தது. மண்கரை மேல் ஒரு சாண் தண்ணீர் ஓரிரு மணி நேரம் வழிந்தால் வெளிச்சரிவின் அடியிலிருந்து அரிப்பு மேலேறும். அதற்குப் பிறகு கரையைக் காப்பாற்றுவது அரிது.

ஆகவே மழைக்கு முன் முதல் வேலை கரையின் மட்டத்தைச் சோதிப்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். கலிங்கின் தலையை ஆதாரமாக வைத்துக் கரை நெடுக 20 மீட்டருக்கு ஒரு முளை அடித்து உயரத்தைக் குறியுங்கள். ஓர் இடம் மட்டும் ஒரு சாண் தாழ்ந்திருந்தாலும் வெள்ளம் மொத்தமும் அந்தப் பள்ளத்தில்தான் பாயும். மாட்டு வண்டித் தடம், ஆட்கள் தண்ணீருக்கு இறங்கும் படித்தடம், மதகுக்கு மேலுள்ள கரை ஆகிய மூன்றும் வழக்கமாகத் தாழும் இடங்கள். பள்ளத்தில் ஒரு லோடு கிராவலைக் கொட்டி ஜேசிபி வாளியால் தட்டிவிட்டுப் போவது நிரப்பியதாகாது. பழைய மண்ணைக் கொத்திவிட்டு, ஈரம் பார்த்து, 20 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம்.

எந்த மண் என்பதும் முக்கியம். பட்டாணி அளவு மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் உள்ள தண்ணீரில் கலக்காமல் மெல்லப் போடுங்கள். காய்ச்சி வடித்த நீராக இருந்தால் நல்லது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கடையில் கிடைக்கும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் போட்டால் சோதனை பொய் சொல்லும். பத்து நிமிடம் காத்திருங்கள். கட்டி சரிந்து குவியலாக விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு கலங்கல் கிளம்பிப் பரவினால் அந்த மண் தானாகவே கரையும் இனம். உவர் பூத்த நிலங்களில் இந்த மண் அதிகம். பார்க்கக் களிமண் போல இறுக்கமாக இருக்கும், அதனால்தான் ஏமாறுகிறார்கள். அதில் கட்டிய கரையில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் போதும், முதல் நிரப்பிலேயே சுரங்கம் விழும்.

மேலே வழிவது ஒரு வழி என்றால், உள்ளே அரிப்பது இன்னொரு வழி. 2019 ஜூலை 2 இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே என்ற சிறிய மண்ணணை உடைந்து கீழே இருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. நண்டு குடைந்ததால் உடைந்தது என்று அம்மாநில அமைச்சர் ஒருவர் சொன்னது கேலிக்குள்ளானது. நண்டு வளையும் எலி வளையும் கசிவைத் தொடங்கி வைக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்மக்கள் அதற்கு முன்பே கசிவைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தார்கள். கேள்வி நண்டைப் பற்றியது அல்ல.

எல்லா மண்கரையும் கொஞ்சம் கசியும். கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, அளவு கூடுகிறதா என்பதுதான் விஷயம். கரையின் வெளியடியில் கசிவு சேரும் இடத்தில் சிறு குழி வெட்டி, ஒரு குழாய்த் துண்டு வைத்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று வாரம் ஒருமுறை செல்போனில் பாருங்கள். அன்றைய ஏரி மட்டத்தையும் கூடவே எழுதுங்கள். ஏரி மட்டம் அப்படியே இருக்க, வாளி முன்பைவிடச் சீக்கிரம் நிரம்பினால் உள்ளே ஏதோ நடக்கிறது. தண்ணீரை ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வையுங்கள். அடியில் மண் தங்கினால் அது கரையின் மண்.

கசிவு பெரும்பாலும் மதகுக் குழாயை ஒட்டியே வரும். குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண் சரியாக இறுகாது. தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். புதுக் குழாய் போடும்போது அதன் வெளிப்பக்கக் கடைசி மூன்றிலொரு பகுதியில் சுற்றிலும் கழுவிய ஆற்று மணலை நிரப்பி வடிகட்டி அமைப்பது செலவில் சின்னது, பலனில் பெரியது. இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. சொட்டுநீருக்கு மோட்டார் வைத்தவர்கள் இரவோடு இரவாகக் கரையைப் பறித்து பிவிசி குழாய் புதைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். இறுகாத அந்தப் பள்ளம் கரைக்குள் ஒரு வாய்க்கால்தான். குழாய் தேவையென்றால் கரையின் தலைக்கு மேலே கொண்டுபோகலாம்.

சீமைக்கருவேலத்தைக் கோடையிலேயே வேரோடு எடுத்துவிடுங்கள். தண்டை மட்டும் வெட்டினால் வேர் மக்கி, அந்த இடம் துளையாகும்.

வெள்ளத் தடுப்புக்கென்றே கட்டிய அணைகளில் இன்னொரு சிக்கல். அவை காலியாக இருந்தால்தான் பயன். 10 ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் காலியிடம் என்றால் ஒரு லட்சம் கனமீட்டர். மேலே சொன்ன உச்ச வெள்ளம் முழுவதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும். மலை வெள்ளத்தின் உச்சம் நீண்ட நேரம் நிற்பதில்லை, ஆகவே அந்த ஒரு மணி நேரம் கீழே உள்ள ஊருக்குப் பெரிது. சேலத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் இடிமழையே ஏரியை நிரப்பிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மதகைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள். ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் வேண்டாம், வேகமாக இறக்கினால் ஈரமான உள்சரிவு சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை வந்த பிறகு மதகுத் திருகைத் தேடிப் பயனில்லை.

கரையின் அடியில் மணல் கொப்பளித்து ஊற்று கிளம்பினால் அதைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். தண்ணீர் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஊற்றைச் சுற்றி மூட்டைகளைக் கிணறு போல அடுக்குங்கள். உள்ளே நீர் உயர்ந்து, கலங்கல் நின்று தெளிவாகும் வரை அடுக்கினால் போதும். வழியும் நீர் போக ஒரு பக்கம் வழி விடுங்கள். மூட்டை இல்லையென்றால் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி. அதே நேரம் மதகை முழுதாகத் திறந்து, கலிங்கில் எது இருந்தாலும் பிடுங்கி எறியுங்கள். கரையை நீங்களாக வெட்டாதீர்கள். 1077-க்கு அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டரில் சில வகைகளையும் மட்டுமே கண்காணிக்கிறது. அடிவாரக் கரைகள் பெரும்பாலும் அதற்குள் வராது. ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் கீழ் என்றால் பொறுப்பு ஊராட்சி ஒன்றியத்துக்கு; மேலே என்றால் நீர்வளத்துறைக்கு. உங்கள் ஏரி யாருடையது, மதகுத் திருகின் சாவி யார் வீட்டில் இருக்கிறது, கோடி போகும் ஓடையை ஒட்டி எத்தனை வீடுகள் இருக்கின்றன என்ற மூன்றையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிராம சபையில் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.