ஏபிஐ: நிரல் இடைமுகம்

சனிக்கிழமை வகுப்பில் இடைநிலைப்பள்ளிப் படிவம் 4 மாணவி ஒருத்தி வெண்பலகையில் ஏ, பி, ஐ என்று மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதினாள். முன்வரிசையில் இருந்த ஆண்டு 3 பையன் அதைக் கூட்டி வாசித்து "ஆப்பி" என்றான். அவன் வாசித்ததில் பிழையே இல்லை. மலாயில் ஆப்பி என்றால் நெருப்பு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ரயிலுக்குப் பேரே கெரெத்தாப்பி, நெருப்பு வண்டி. புகைமூட்டக் காலத்து ஆங்கிலச் செய்தியில் இதே மூன்று எழுத்து வந்தால் அது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு. 100ஐத் தாண்டிவிட்டால் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பமாட்டோம். நெருப்பும் புகையும் முன்பே குடியிருக்கும் எழுத்துகளுக்குள் கணினிக்காரர்களின் ஏபிஐ (ஒரு கணினி நிரல், அதாவது புரோகிராம், இன்னொரு நிரலிடம் வேலை கேட்கும் வழி) மூன்றாவதாக வந்து சேர்ந்திருக்கிறது.

"டீச்சர், இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று அந்தப் படிவம் 4 மாணவி கேட்டாள். அப்போதைக்கு "ஏபிஐதாம்மா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. ஆங்கில எழுத்தின் ஒலியைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பொருள் கொடுத்ததாகாது. அடுத்த சனிக்கிழமைக்குள் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று தேடியதுதான் இது.

அவள் ஏன் கேட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் டியூஷன் வகுப்பின் மாணவர் பட்டியல், வருகை, பாடக்குறிப்பு எல்லாம் நோஷன் என்ற குறிப்பேட்டுச் செயலியில் இருக்கின்றன. பெற்றோர் பதிவு செய்வதோ கூகிள் படிவத்தில். படிவத்தில் வருவதை ஒவ்வொன்றாகப் பார்த்து நோஷனில் தட்டச்சு செய்வது இவள் வேலை. ஒரு ராத்திரி பத்து மணிக்குமேல் உட்கார்ந்து இருபது பெயர்களை ஏற்றிவிட்டு, ஒரு தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனதை மறுநாள்தான் கண்டாள். அவளுடைய அண்ணன், "அதான் ஏபிஐ இருக்கே, ரெண்டையும் கோத்து விடலாமே" என்றானாம்.

இந்தக் 'கோத்து விடுதல்' என்ன என்று விளக்க எனக்கு என் அப்பாவின் சன்னல்தான் கைகொடுத்தது. அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். தோட்ட ஆபீஸின் பக்கச்சுவரில் கம்பி போட்ட சன்னல் ஒன்று இருந்தது. ஆட்களின் முழங்கை பட்டுப் பட்டு அதன் பலகை வழவழவென்று ஆகியிருக்கும். ஓரத்தில் ஊதா மைப்பெட்டி, கைநாட்டுக்கு. பெரட்டு என்ற காலைப் பெயரழைப்பு முடிந்து பால்வெட்டுக்குப் போனவர்கள் மத்தியானம் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு அந்தச் சன்னலுக்கு வருவார்கள். ஆஸ்பத்திரித் துண்டு வேண்டும், சம்பளத்தில் பிடித்த கணக்கு வேண்டும், லீவு வேண்டும். அப்பா முதலில் கேட்பது செக்ரோல் நம்பரைத்தான், ஆள்பதிவேட்டில் அவரவருக்குள்ள எண். நம்பரைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய முறையில் கேட்டால், உள்ளே போய்ப் பார்த்துப் பதில் சொல்வார். எந்த அலமாரியில் எந்தப் புத்தகம் என்று வெளியே நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு வருஷம் அலமாரிகளையெல்லாம் அடுத்த அறைக்கு மாற்றினார்கள். சன்னலில் கேட்கும் முறை அப்படியே இருந்ததால் ஆட்களுக்கு அது தெரியவே தெரியாது. அப்பா ஓய்வு பெற்று வேறு கிராணி வந்த பிறகும் அதே நம்பர், அதே துண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். இதில் கிராணியை ஏபிஐ என்று சொல்லிவிடக் கூடாது. உள்ளே வேலை செய்பவர் கிராணி. எதைக் கேட்கலாம், என்ன கொடுத்துக் கேட்க வேண்டும், பதில் எந்த வடிவில் வரும் என்று சன்னலில் நிலைத்துப்போன அந்த ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் ஏபிஐ. ஆள் மாறலாம், அலமாரி மாறலாம், ஏற்பாடு மாறக் கூடாது.

சொல் பிறந்ததும் இந்தக் கவலையில்தான். 1968இல் ஐரா காட்டன், ஃபிராங்க் கிரேட்டரெக்ஸ் என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் 'அப்ளிகேஷன் புரோகிராம் இன்டர்ஃபேஸ்' என்ற தொடர் வருகிறது. தொலைவிலிருக்கும் கணினியைக் கொண்டு திரையில் படம் வரைவது பற்றிய கட்டுரை அது. கணினியையோ திரையையோ நாளைக்கு மாற்றினாலும் படம் வரையும் நிரலைத் திருத்தி எழுத வேண்டிய நிலை வரக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். பிறகு 1970களில் தரவுதளக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். 'புரோகிராம்' என்பது 'புரோகிராமிங்' ஆயிற்று. 2000ஆம் ஆண்டு வாக்கில் இணையத்தளங்கள் தங்கள் சன்னலைப் பிறருக்குத் திறந்துவிடத் தொடங்கின. நோஷன் தன்னுடையதை 2021 மே மாதம் சோதனை நிலையில் பொதுவுக்குத் திறந்தது.

பெயர் வருவதற்கு முன்பே பொருள் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினியை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸும் டேவிட் வீலரும் அடிக்கடி வேண்டிய துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் அடித்து ஓர் அலமாரியில் வைத்திருந்தார்கள். அதே அலமாரியில் ஒவ்வொரு நாடாவையும் எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்புகளும் இருந்தன. அவர்கள் முறையை விளக்கும் நூல் 1951இல் வந்தது. நாடாவின் உள்ளே என்ன துளை என்று பார்க்காமல், குறிப்பை மட்டும் படித்து எடுத்துப் பயன்படுத்தலாம். சன்னல் அப்போதே வைத்தாயிற்று.

இனித் தமிழுக்கு வருவோம். மூன்று சொல்லில் கடைசிச் சொல்தான் கனமானது: இன்டர்ஃபேஸ். 19ஆம் நூற்றாண்டில் இது அறிவியல் சொல்லாக வந்தது. எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் பரப்பைக் குறித்தது. தமிழில் இடைமுகம் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது, செயற்கை என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. தமிழில் முகம் கண்ணும் மூக்கும் உள்ள முகம் மட்டுமா? கப்பல் வந்து போகும் இடம் துறைமுகம். ஆறு கடலில் கலக்கும் இடம் கழிமுகம், முகத்துவாரம். ஒருவர் சார்பில் நின்று பேசுகிறவர் முகவர். கடிதம் வந்து சேர வேண்டிய இடம் முகவரி. உள்ளும் வெளியும் சந்திக்கும் வாசலைத் தமிழ் எப்போதும் முகம் என்றே சொல்லி வந்திருக்கிறது. அந்த வரிசையில் இடைமுகம் இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இடைமுகப்பு என்றும் எழுதுகிறார்கள். முகப்பு கட்டடத்தின் முன்புறம், பார்வைக்கு உரியது. போக்குவரத்து நடக்கும் இடத்துக்கு முகம் போதும்.

மலாயிலும் இதே கதைதான். அவர்கள் சொல் அந்தாரா மூக்கா. அந்தாரா என்றால் இடையே, மூக்கா என்றால் முகம். இரண்டுமே வடமொழி வழி மலாய்க்குப் போன சொற்கள். முகம் வடசொல்லா தமிழ்வேரா என்ற வாதம் நம் அறிஞர்களிடம் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் பள்ளியில் கணினிப் பாடத்தை மலாயில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, 'அந்தாரா மூக்காதான் இடைமுகம்' என்று ஒரு வரி சொன்னாலே பளிச்சென்று பிடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு ஆசிரியருக்குக் கிடைக்காத வசதி இது.

அடுத்தது புரோகிராம். நிரல் என்ற சொல்லைப் போல அழகாக அமைந்த கலைச்சொல் குறைவு. நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. கட்டளைகளை வரிசையாக வைப்பதுதான் புரோகிராம். மலாயில் ஆத்தூர் சாரா என்கிறார்கள். ஆத்தூர் என்றாலும் ஒழுங்குபடுத்துவதுதான். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு நிரல்நிறை நினைவுக்கு வரும். பெயர்களை ஒரு வரிசையில் அடுக்கி, அவற்றுக்குரிய பயனிலைகளை அதே வரிசையில் அடுக்குவது. கூகிள் படிவத்தின் விடைகள் விரிதாளில் விழுவது அசல் நிரல்நிறைதான்: மேலே தலைப்பு வரிசை, கீழே விடை வரிசை, முதலாவதுக்கு முதலாவது, இரண்டாவதுக்கு இரண்டாவது. ஒரு நெடுவரிசை நகர்ந்தால் பொருள் கெட்டுவிடும்.

அப்ளிகேஷன்தான் தொல்லை. கருவி மொழிபெயர்ப்பில் 'விண்ணப்ப நிரலாக்க இடைமுகம்' என்று வந்துவிடுகிறது. இங்கே விண்ணப்பத்துக்கு இடமே இல்லை. 'செயலி நிரலாக்க இடைமுகம்' என்பது பரவலாக இருக்கிறது. ஆனால் செயலி என்ற சொல்லைக் கணினியின் மூளையாகிய புராசசருக்கும் வைத்திருக்கிறோம், கைப்பேசியில் இறக்கும் ஆப்புக்கும் வைத்திருக்கிறோம். படிப்பவர் எந்தச் செயலி என்று தடுமாறுவார். 'பயன்பாட்டு நிரலாக்க இடைமுகம்' சரியானது, அகராதிக்கு அதுவே இருக்கட்டும். வகுப்பில், வாட்ஸ்அப்பில், கட்டுரையில் அவ்வளவு நீளம் நாக்கில் நிற்காது.

நான் தேர்ந்துகொண்டது நிரல் இடைமுகம். சுருக்கம் மட்டும் காரணமில்லை. மனிதர் தொட்டுப் பார்க்கும் திரை, பொத்தான், பட்டியல் எல்லாவற்றையும் பயனர் இடைமுகம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதற்கு இணையாக, ஒரு நிரல் இன்னொரு நிரலைச் சந்திக்கும் வாசல் நிரல் இடைமுகம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல். எங்கள் மாணவி நோஷனைத் திறந்து விரலால் தட்டினால் அது முதல் வாசல். அவள் தூங்கும்போது கூகிள் படிவம் தானே போய்ப் பெயரைச் சேர்த்தால் அது இரண்டாவது வாசல். பேச்சில் ஏபிஐ என்று சொல்லிக்கொள்ளலாம், நானும் சொல்கிறேன். எழுதும்போது முதல் முறையாவது நிரல் இடைமுகம் என்று எழுதிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இரண்டாவது வாசலில் என்ன நடக்கிறது என்று பிறகு ஒரு நாள் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம். படிவத்துக்குப் பின்னால் அண்ணன் எழுதிய சிறிய நிரல் ஒன்று. பெற்றோர் படிவத்தை அனுப்பியவுடன் அது விழித்துக்கொண்டு நோஷனுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. அதில் சேரவேண்டிய முகவரி இருக்கிறது. செக்ரோல் நம்பர் போல, நீ யார் என்று காட்டும் நீண்ட திறவுகோல் இருக்கிறது. எந்தப் பதிப்பின் விதிப்படி பேசுகிறோம் என்பதற்கு 2022-06-28 போல ஒரு தேதியும் போகிறது. இந்தத் தேதி எனக்கு மிகவும் பிடித்தது. நோஷன் பிற்பாடு விதியை மாற்றினாலும், இன்ன நாளைய விதிப்படி கேட்கிறேன் என்று சொல்பவருக்கு அந்த விதிப்படியே பதில் வரும் என்ற ஏற்பாடு.

அனுப்பும் செய்தியின் சாரம் இப்படி இருக்கும்; உண்மையில் அடைப்புக்குறிகள் இன்னும் பல அடுக்கு:

{ "ஆண்டு": 4, "மாணவர் பெயர்": "…", "பாடம்": "கணிதம்" }

இது ஜேசன் என்ற எழுத்துமுறை. இங்கே நிரல்நிறை இல்லை. ஒவ்வொரு விடையும் தன் தலைப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவதால் எது முன்னால் வந்தாலும் பொருள் மாறாது. தலைப்புகள் தமிழிலேயே இருக்கலாம். எங்களுடையவை அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் நோஷனில் "மாணவர் பெயர்" என்று இருந்து, நிரலில் "மாணவர்பெயர்" என்று இடைவெளி இல்லாமல் இருந்தால் ஏற்காது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று நான் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் விஷயம் இங்கே கணினிக்கே முக்கியமாகிவிட்டது.

முதல் தடவை 404 என்று பதில் வந்தது. நீ கேட்டது இங்கே இல்லை என்று பொருள். பட்டியல் கண்முன்னால் திரையில் இருக்கிறது, இல்லை என்கிறதே என்று பிள்ளைகள் திகைத்தார்கள். விட்ட இடம் எங்களுடையது. திறவுகோலை வாங்கினால் மட்டும் போதாது; இந்தப் பக்கத்தை இந்த இணைப்பு பார்க்கலாம் என்று நோஷனுக்குள் போய் அனுமதியும் கொடுக்க வேண்டும். கொடுக்காத வரைக்கும், இருக்கிறது ஆனால் உனக்கில்லை என்றுகூடச் சொல்லாமல், இல்லை என்றே சொல்லும். அடுத்தவர் சம்பளக் கணக்கைக் கேட்டு வந்தவரிடம் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். திறவுகோல் தவறானால் வருவது 401. சராசரியாக நொடிக்கு மூன்று வேண்டுகோளுக்குமேல் போனால் 429, கொஞ்சம் பொறு என்று. பட்டியலைக் கேட்டால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 பதிவுகள்தான் கிடைக்கும். மிச்சத்துக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

திறவுகோலை மட்டும் வெண்பலகையில் எழுத விடவில்லை. யார் கையில் கிடைத்தாலும் எங்கள் பிள்ளைகளின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் அவர்களுக்குத் திறந்துவிடும்.

சில துணைச்சொற்களையும் சேர்த்தே பழக்கினேன். ரிக்வெஸ்ட் வேண்டுகோள், ரெஸ்பான்ஸ் மறுமொழி, கீ திறவுகோல். எண்ட்பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது: மாணவர் சேர்க்க ஒரு முகவரி, பட்டியல் கேட்க இன்னொரு முகவரி என்று ஒவ்வொரு வேலைக்கும் உள்ள தனித்தனி இடம். நான் அதை முனை என்று சொல்லிக் கொடுத்தேன். முதல் வரிசைப் பையன், "அப்பாயி வீட்டுல மாட்டுக்கு ஒரு வாசல், ஆளுக்கு ஒரு வாசல் இருக்குமே டீச்சர், அந்த மாதிரியா?" என்றான். இந்தக் கட்டுரையில் முனை என்றே வைத்திருக்கிறேன். வகுப்பில் இப்போது எல்லாரும் வாசல் என்கிறார்கள், நானும் திருத்தவில்லை.