பனி இறங்குவதில்லை

எங்கள் ஆச்சிக்கு எண்பத்து நான்கு வயது. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம் கரிசல்காட்டில், வாழ்க்கைப்பட்டது அம்பாசமுத்திரத்தில். மார்கழி பிறந்துவிட்டால் அவளிடமிருந்து வருவது ஒரே புகார்தான். "ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குகிற மார்கழி ஒரு மார்கழியா? அந்தக் காலத்தில் விடியற்காலை கோயிலுக்குப் போனால், பொங்கல் வாங்க நீட்டிய கை விறைத்துப்போய் அப்படியே நிற்கும்."

கனடாவின் தலைநகர் ஆட்டவாவில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுக்கும் ஏறக்குறைய இதே குறைதான். அந்த நகரத்தின் நடுவே ரிடோ கால்வாய் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குத் தடமாகத் திறந்துவிடுவார்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாக நடந்துவரும் வழக்கம் இது. இவன் அங்கே போய்ச் சேர்ந்தது 2022இல். சறுக்குக் காலணியும் வாங்கி வைத்துவிட்டான். அந்தக் குளிர்காலம் முழுவதும் கால்வாய் திறக்கப்படவே இல்லை. அதன் வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அடுத்த வருடம் சில நாட்கள் திறந்து மூடிவிட்டார்கள். கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே வெப்பமானது அந்த 2023-24தான். "சித்தப்பா, காலணி இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை" என்றான் போனில்.

இரண்டு பேரும் தேடுவது பனியைத்தான். புல் நுனியில் நிற்கும் துளியையும், மாஞ்சோலைப் பாதையை மறைக்கும் புகைமூட்டத்தையும், இமயத்தில் கொட்டிக் கிடக்கும் வெண்பஞ்சையும் தமிழ் பனி என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. இதைச் சொல் வறுமை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றுக்கும் பின்னால் நடப்பது ஒன்றுதான்: வெப்பம் கைவிட்டுப் போக, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி உருவம் எடுக்கிறது.

"பனி இறங்குகிறது, தலையில் துண்டைப் போடு" என்பார்கள் ஊரில். உண்மையில் பனித்துளி எங்கிருந்தும் இறங்குவதில்லை. இதைத் தெளிவாகக் காட்டியவர் லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். ஒரே எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை எடுத்துக்கொண்டார். தரையிலிருந்து உயர்த்தி வைத்த பலகையின் மேல்பக்கம் ஒன்றும் அடிப்பக்கம் ஒன்றும் வைத்து, காலையில் எடை பார்த்தார். பனி தரையிலிருந்து எழுவதாக இருந்தால் அடிப்பக்கப் பஞ்சுதான் கனத்திருக்க வேண்டும். கனத்தது மேல்பக்கப் பஞ்சு. சரி, மழைபோல மேலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டால், பக்கத்தில் திறந்தவெளியில் கிடக்கும் உலோகத் தகடும் அதே அளவு நனைய வேண்டும். அதுவோ ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. இரவு வானத்தை நேராகப் பார்க்கும் பொருள், அதிலும் வெப்பத்தைத் தாராளமாக வீசியெறியும் பொருள், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட முதலில் குளிர்கிறது. அதைத் தொடும் காற்றிலிருந்த நீராவி அங்கேயே துளியாகிவிடுகிறது. இதை அவர் 1814இல் எழுதி வெளியிட்டார்.

வெப்பத்தை வீசுவது என்றால் என்ன? வெயிலில் காய்ந்த பாறை அந்தியில் நம் கன்னத்தில் அனலடிக்கிறதே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக எல்லாப் பொருளும் எப்போதும் வெப்பத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. பாளையங்கோட்டையில் தை மாத விடியலில் வெப்பநிலை 22 டிகிரிப் பக்கம் இருக்கும். அந்த அளவில் ஒரு சதுர மீட்டர் தரை வீசுவது சுமார் 430 வாட். வானமும் சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் 370 வாட் அளவுக்குத் திருப்பித் தரும். பற்று வரவு பார்த்தால் 60 வாட் நஷ்டம். வீட்டில் முன்பு எரிந்த குண்டு பல்பு ஒன்று சதுர மீட்டருக்கு ஒன்றாக விடிய விடிய வானத்தைப் பார்த்து எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தரையின் குளிர்ச்சி அந்தச் செலவுதான். மேகம் மூடினால் திரும்பி வருவது கூடிவிடும், நஷ்டம் குறைந்துவிடும். காற்று வீசினாலும் காரியம் கெடும்; குளிர்ந்த தரையோடு சூடான காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கும்.

தலையில் துண்டு போடச் சொன்னவர்கள் காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் காரியத்தைச் சரியாகவே சொன்னார்கள். வானத்தை நேராகப் பார்க்கும் உடல் பாகம் தலைதான். முடி கொட்டிப்போன என் போன்றவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

போன தைப்பொங்கல் கழிந்த நாலாம் நாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. டிவி வாங்கியபோது பெட்டிக்குள் வந்த தெர்மோகோல் பலகையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பழைய சாமி படத்திலிருந்து கழற்றிய கண்ணாடி, ஓர் எவர்சில்வர் தட்டு, ஒரு நறுக்கு வாழையிலை மூன்றையும் அதன்மேல் வைத்தேன். இன்னொரு கண்ணாடியை சிமெண்ட் தளத்தின் மேல் நேராக வைத்தேன். மூன்றாவது ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் செருகினேன். காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தபோது தெர்மோகோல் மேலிருந்த கண்ணாடியில் விரலால் பெயர் எழுத முடிந்தது. வாழையிலையில் துளிகள் உருண்டு உருண்டு நின்றன. தட்டின் விளிம்பில் மட்டும் லேசாக ஆவி படிந்திருந்தது. பளபளப்பான உலோகம் வெப்பத்தை வீசுவதில் மகா கஞ்சன். தொட்டிக்கு அடியில் இருந்த கண்ணாடி வானத்தையே பார்க்காததால் உலர்ந்து கிடந்தது. சிமெண்ட் மேல் இருந்ததும் உலர்ந்துதான் கிடந்தது. அதுவும் வானத்தைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் பகல் முழுக்கச் சேர்த்து வைத்த வெப்பத்தைத் தளம் அடியிலிருந்து ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்த உலர்ந்த கண்ணாடியை ஆச்சிக்குக் காட்டினேன். அவள் புகாருக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற சொலவடையைப் பாருங்கள். மார்கழியைப் பற்றி அது பேசவே இல்லை. நம் சீமையில் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை கையை விடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணி கரையை உடைத்ததும் மார்கழி பிறந்த கையோடுதான். மேகம் போர்த்திய வானத்தின் கீழ் இரவு எப்படிக் குளிரும்? மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்றும் அடங்கிய தை, மாசியில்தான் தரையின் வெப்பம் தடையில்லாமல் வெளியேறுகிறது. முன்பனிக்குப் பின் பின்பனி என்று தனியாக ஒரு பருவத்தையே வைத்தவர்கள், தெர்மாமீட்டர் இல்லாமலே கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

பனித்துளிக்கு இன்னொரு குணம் உண்டு. குளிரால் பிறந்த அதுவே குளிருக்குத் தடையும் போடும். ஒரு கிலோ நீராவி நீராகும்போது சுமார் 2,500 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வெளியே வருகிறது. இரவு வெப்பநிலை இறங்கி இறங்கி, நீராவி துளியாகத் தொடங்கும் பனிநிலையைத் தொட்டதும் இந்த வெப்பம் வந்து இறக்கத்தை மெதுவாக்கிவிடும். திருச்செந்தூர்க் கடற்கரையில் கிடைக்காத குளிர் சங்கரன்கோவில் பக்கம் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உள்நாட்டுக் காற்றில் ஈரம் குறைவு, பிரேக் பிடிக்கும் இடமும் இன்னும் கீழே. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அப்படியானால் பிரேக் பிடிக்கும் இடமும் மேலேறிவிடும்.

இரவுக்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. பகலில் தரைச்சூடு ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை காற்றைக் கலக்கிவிடும். இரவிலோ குளிர்ந்த காற்று நூறு, இருநூறு மீட்டர் கனத்தில் தரையை ஒட்டிப் படுத்துக்கிடக்கும். ஒரு செம்பு வெந்நீரை அண்டாத் தண்ணீரில் ஊற்றினால் தெரியாது, சின்னச் சட்டியில் ஊற்றினால் உடனே தெரியும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகின் பெரும்பாலான நிலப்பகுதிகளில் பகலைவிட இரவே வேகமாகச் சூடேறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதை வைத்து ஆச்சியின் விறைத்த கையை முழுக்க விளக்கிவிட முடியாது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை உயர்ந்தது ஏறக்குறைய 0.7 டிகிரி. விறைக்கும் கைக்கும் ஃபேனுக்கும் நடுவே உள்ள தூரம் அதைவிடப் பெரியது. மிச்சம் எங்கே போனது? அவள் படுத்தது தார்சாவில், கோரைப்பாயில், காற்று நாலு பக்கமும் வந்துபோகும் ஓட்டு வீட்டில். நாங்கள் படுப்பது பகல் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும் கான்கிரீட்டுக்குக் கீழே. அவள் கோயிலுக்குப் போனது வெறுங்காலோடு, ஈரத் தலையோடு. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அப்போது அவள் எட்டு வயதுச் சிறுமி. சிறிய உடலில் எடைக்கு ஏற்ற தோல்பரப்பு அதிகம், வெப்பமும் சீக்கிரம் கழியும். இதைச் சொன்னதற்கு, "அப்படியென்றால் நான் பொய் சொல்கிறேனா?" என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பொய்யே இல்லை. அவள் பட்ட குளிர் உண்மைதான். வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர், நிழல்பெட்டிக்குள் நம் நெஞ்சுயரத்தில் தொங்குவது. அவள் காலடிப் புல் அதைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருந்திருக்கும். ஊட்டியில் தெர்மாமீட்டர் இரண்டு மூன்று டிகிரி காட்டும் நாளிலும் புல்வெளியில் உறைபனி வெளுத்துக் கிடப்பது அப்படித்தான்.

சமாதானமான பிறகு அவளே ஒன்று சொன்னாள். சின்ன வயதில் விடிகாலையில் கொண்டைக்கடலைக் காட்டுக்குள் நடந்தால் பாவாடை முழங்கால் வரை நனையும், விரலை நக்கினால் புளிக்கும். அது கற்பனை இல்லை. கடலைச் செடியின் நுண்ணிய ரோமங்கள் மாலிக் அமிலத்தையும் ஆக்சாலிக் அமிலத்தையும் சுரக்கின்றன. பனித்துளி அதைக் கரைத்து வைத்துக்கொள்கிறது. துணியை விரித்து அந்த ஈரத்தை எடுத்துப் பிழிந்து காடியாகப் பயன்படுத்தும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. கரிசல் மண் பிடித்துவைத்த ஈரத்திலும் இந்தப் பனியிலும் அங்கே கடலையும் மல்லியும் விளைந்துவிடும். அம்பாசமுத்திரத்தில் இதே பனியை யாரும் கொண்டாடுவதில்லை. பிசானப் பருவ நெல் கதிர் வாங்கும் நேரத்தில் இலை நெடுநேரம் நனைந்தே இருந்தால் குலைநோய் என்ற பூஞ்சை நோய் வரும்.

இனி ஆட்டவா. வெண்பனி நமக்கு அந்நியம் என்று நினைக்கிறோம். ஐப்பசியில் அடைமழை கொட்டும்போது நம் தலைக்கு மேல் சுமார் ஐந்து கிலோமீட்டரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போய்விடும். இடிமேகத்தின் உச்சி அதற்கும் மேலே. அங்கே பனித்துகள்கள் பிறந்து, ஒட்டி, வளர்ந்து, கீழே வரும் வழியில் உருகுகின்றன. நம் ஓட்டைத் தட்டும் மழையில் ஒரு பங்கு, சற்று முன்பு வரை வெண்பனியாக இருந்ததுதான். நமக்கு ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த உருகுகோடு குளிர்காலத்து ஆட்டவாவில் தரை வரை இறங்கிவிடுகிறது. உயரம் நூற்றைம்பது மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். அதாவது ஊரே இரண்டு டிகிரி சூடானால் உருகுகோடு முந்நூறு மீட்டர் மேலேறி நிற்கும். பனியாக வந்துகொண்டிருந்தது அந்தரத்தில் உருகி, மழையாய் வந்து தெருவைச் சகதியாக்கும். நமக்கு ஒரு டிகிரி என்பது போர்வை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி. அவர்களுக்கு அதே ஒரு டிகிரியில் பொருளே மாறிவிடுகிறது.

கால்வாய் உறைவது இதைவிடச் சிரமமான காரியம். தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் உச்சம். மேல்மட்டம் குளிர்ந்தால் அந்தத் தண்ணீர் கனத்துக் கீழே போகும், கீழே இருந்தது மேலே வரும். முழு ஆழமும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் மேல்மட்டம் அதற்கும் கீழே குளிர்ந்து உறையத் தொடங்கும். அதன் பின்னும் அவசரப்பட முடியாது. உறைந்த தகடே அடியிலுள்ள நீருக்குப் போர்வையாகிவிடும். தகடு இரட்டிப்புக் கனமாக ஏறக்குறைய நான்கு மடங்கு குளிர் தேவை. மேலே வெண்பனி விழுந்தால் அது இன்னொரு போர்வை. ஆயிரக்கணக்கானோர் சறுக்குவதற்கு 30 சென்டிமீட்டர் கனம் கேட்கிறார்கள். அதற்குத் தொடர்ச்சியான கடுங்குளிர் வேண்டும். நடுவில் நாலு நாள் மழை பெய்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அந்தக் குளிர் பிறப்பதும் நம் வாழையிலை குளிர்ந்த வழியில்தான். வடக்கே வாரக்கணக்கில் நீளும் இரவில், பனி மூடிய நிலம் தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்குச் செலவழிக்கிறது. தரையின் சூட்டை மேலே விடாமல் அடைப்பதில் வெண்பனி என் தெர்மோகோல் பலகையேதான். பகலில் விழும் வெயிலிலும் புதுப்பனி எண்பது, தொண்ணூறு சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகப் பனி இருந்தால் குளிர் கூடும், குளிர் கூடினால் பனி தங்கும். ஒரு வருடம் பனி தாமதித்தால் கருத்த மண் வெயிலை வாங்கிக்கொண்டு அந்தத் தாமதத்தை இன்னும் நீட்டிக்கும். உலக சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கனடா சூடேறுவதில் இந்தச் சுழலுக்கும் பங்கு உண்டு.

2025 ஜனவரியில் கால்வாய் மறுபடி திறந்தது. ஒரு குளிர் வருடம் வந்துவிட்டதால் கணக்கு மாறிவிடாது என்று அண்ணன் மகனுக்கு நான் எழுதினேன். அவன் அதைப் படித்த மாதிரித் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் படம்தான் வந்தது. காலணி போட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, விழப்போகும் நிலையில் நிற்கிறான். ஆச்சி போனை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஐஸ் மேலேயிருந்து விழுந்ததா, கீழேயிருந்து வந்ததா?"

வெல்ஸ் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்ட அதே கேள்வி. "மேலே முதலில் ஆடைபோலப் படியும் ஆச்சி. அப்புறம் அடிப்பக்கமாக வளரும்" என்றேன்.

"பால் ஆடைபோலவா?" என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பித் தந்தாள். பிறகு ஃபேனை ஒரு எண் குறைக்கச் சொன்னாள்.