கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா எந்த செட்டிங்கில் இருக்க வேண்டும்?

கேமரா புதிதாக வாங்கியவர்கள் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் தவறு, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 400-க்கு மேல் ஏற்ற மறுப்பது. ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்ற பயம். ஆனால் கண்ணுக்கு ஜெகஜ்ஜோதியாகத் தெரியும் மண்டபம் கேமராவுக்கு அரை இருட்டு. ஐஎஸ்ஓ 400, அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு; எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிது) எஃப் 4 என்று வைத்தால் ஷட்டர் 1/30 விநாடிக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல்கள் கோடாக இழுபடும். புள்ளியைப் பிறகு கணினியில் துடைத்துக்கொள்ளலாம். ஷேக் ஆன படம் ஷேக் ஆனதுதான்.

அதனால் முதலில் ஷட்டர், அடுத்து அபர்ச்சர், மிச்சத்தை ஐஎஸ்ஓ சுமக்கட்டும். உட்கார்ந்திருப்பவர்களுக்கு 1/125 போதும். மாலை மாற்றுவதற்கும் தாலி கட்டுவதற்கும் 1/250. எஃப் 2.8-ல் திறந்தால் இதற்கு ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை போகும், போகட்டும். அட்சதை 1/125-ல் வெள்ளைக் கீறலாக விழும், 1/500-ல் தனித்தனி அரிசியாக நிற்கும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சிலர் 1/30-க்கு இறங்குவார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், மாப்பிள்ளையின் கையை அல்ல.

வேகத்தைக் கூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/500-ல் தொடர்ந்து பத்துப் படம் எடுத்துப் பாருங்கள்: ஒன்று மஞ்சள், ஒன்று இருட்டு, ஒன்றில் குறுக்கே பட்டை. சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் இது இன்னும் மோசம். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் (விளக்கு பிரகாசிக்கும் கணம் பார்த்துப் படமெடுக்கும் வசதி) இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 1/100-க்கு இறங்கி, கை அசைவு நிற்கிற கணத்தில் அமுக்குங்கள். ரிசப்ஷன் மேடையின் எல்ஈடி திரை தனி ரகம். பட்டை மறையும் வரை ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அபர்ச்சர் விஷயத்தில் எஃப் 1.8 மோகம் பெரிய தொல்லை. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 85 எம்எம் லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம் என்றால் எஃப் 1.8-ல் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். பெண்ணின் கண் தெளிவாக இருக்கும், பின்னால் குனிந்திருக்கும் மாப்பிள்ளை முகம் கரைந்துவிடும். எஃப் 4-ல் அது 13 சென்டிமீட்டர் ஆகும். இரண்டு வரிசை குரூப் போட்டோவுக்கு எஃப் 5.6-க்குக் கீழே வராதீர்கள். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால் முகத்தை விட்டு, முன்னால் தொங்கும் மாலையைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். ஹோமப் புகை வழியாக நேராக ஃபிளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளையாக ஒளிரும், பக்கவாட்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

ஃபிளாஷ் போட்டால் ஷட்டரை 1/200-க்குள் வைப்பது பாதுகாப்பு. ஃபிளாஷோடு ஒத்துப்போகும் கேமராவின் வேக எல்லையைத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். கூரையில் அடித்துத் திருப்புவதெல்லாம் பத்துப் பன்னிரண்டு அடி உயர வெள்ளைக் கூரைக்குத்தான். ரோஸ் நிறத் துணி கட்டிய பந்தலில் அடித்தால் எல்லார் முகமும் ரோஸ்.

விளக்கின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால், சிவப்புப் பட்டு ஃபிரேமை நிறைக்கும்போது ஒரு நிறம், வேட்டி நிறைக்கும்போது வேறு நிறம். வீடியோ எடுக்கும் அண்ணனிடம் லைட் 3200 கெல்வினா (மஞ்சள்) 5600-ஆ (பகல் வெள்ளை) என்று கேட்டு அதையே கேமராவிலும் வைத்துவிடுங்கள். ரா-வில் (ஜேபெக்காகச் சுருக்காத மூலக் கோப்பு) எடுத்தால் பின்னால் திருத்த இடம் இருக்கும். சிவப்புப் பட்டில் இன்னொரு பொறி: மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் எகிறி, புடவை மடிப்பு மறைந்து ஒரே தகடாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவு வரைபடம்) பாருங்கள்.

இவ்வளவையும் முகூர்த்த நேரத்தில் திருகிக்கொண்டிருக்க முடியாது. எம் (மேனுவல்) மோடில் ஷட்டரையும் அபர்ச்சரையும் நிலைநிறுத்தி, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் போட்டு, உச்சவரம்பு 6400 கொடுங்கள். ஃபிளாஷ் போடும்போது ஐஎஸ்ஓவைக் கையால் வைப்பது நல்லது. புதிய கேமராக்கள் பெரும்பாலானவற்றில் ஆட்டோ ஐஎஸ்ஓ இருக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளஸ், மைனஸ்) வேலை செய்யும். வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்தால் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று ஏமாந்து படத்தை இருட்டாக்கும், பிளஸ் 0.7 கொடுங்கள். கறுப்புக் கோட் சூட்டுக்கு மைனஸ் 0.7. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு வைத்த மைனஸ் காலையிலும் அப்படியே கிடக்கும். கேமராவை ஆன் செய்ததும் முதலில் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், வேட்டியை அப்புறம் பார்க்கலாம்.