ஆணையம் ஒப்புக்கொண்ட விலைதானே?

ஒரு சிறு இணைய நிறுவனத்தின் முதலாளி போன மாதம் ஒரு எக்செல் தாளை என் மேசையில் வைத்தார். ஒரு வீட்டுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க, அவர் நாட்டின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு அவர் கட்டும் மொத்த விற்பனை (ஹோல்சேல்) விலை மாதம் 24 யூரோ. அதே பெரிய நிறுவனம் அதே தெருவில் அதே வேகத்தை வீடுகளுக்கு விற்பது 27 யூரோவுக்கு. இரண்டும் வாட் வரி நீங்கலாக. மிஞ்சும் 3 யூரோவுக்குள் மோடம், பில், கால் சென்டர், விளம்பரம் எல்லாம் அடங்க வேண்டும். "தொலைத்தொடர்பு ஆணையமே ஒப்புக்கொண்ட விலை, இனி என்ன செய்ய?" என்று பாதி எழுந்தும்விட்டார்.

ஐரோப்பாவில் இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட தவறான முடிவு இதுதான்.

ஊரில் ஒரே மாவு மில். மில்காரரே எதிரில் இட்லிக் கடையும் போட்டிருக்கிறார். அவர் இட்லி விற்கும் விலைக்கும் நமக்கு மாவு தரும் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், நம் கடையில் எத்தனை நாள் அடுப்பு எரியும்? மாவு விலையைத் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. இட்லியும் மலிவு, சாப்பிடுகிறவருக்குச் சந்தோஷம். தப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போட்டிச் சட்டத்தில் இதற்குப் பெயர் 'மார்ஜின் ஸ்குவீஸ்'.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் மோசம். 1998இல் தொலைபேசிச் சந்தை போட்டிக்குத் திறந்தது. வீட்டுக்குப் போகும் செப்புக் கம்பி முழுக்க அந்த நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனமான டாய்ச்ச டெலிகாம் கையில். தன் சொந்த வாடிக்கையாளர்களிடம் இணைப்புக்கு வாங்கியதைவிட அதிகமாகவே போட்டி நிறுவனங்களிடம் கம்பி வாடகை வாங்கியது. இட்லியைவிட மாவு விலை அதிகம்! 2002இலிருந்து போட்டியாளர்களுக்குக் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது, ஆனால் செலவுக்குப் போதவில்லை. ஜெர்மன் தொலைத்தொடர்பு ஆணையமோ, போட்டி நிறுவனங்கள் அழைப்புக் கட்டண வருமானத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விட்டுவிட்டது.

2003 மே மாதம், ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஐரோப்பிய ஆணையம் டெலிகாமுக்கு 1.26 கோடி யூரோ அபராதம் போட்டது. 'ஜெர்மன் ஆணையத்தின் அனுமதி இருந்ததே' என்பதுதான் டெலிகாமின் பெரிய வாதம். 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: சில்லறை விலையை மாற்ற உங்களுக்கு இடம் இருந்தது, மாற்றவில்லை, பொறுப்பு உங்களுடையதே. அனுமதியால் கிடைத்தது அபராதத்தில் 10 சதவீதத் தள்ளுபடி மட்டும்.

ஸ்பெயினில் டெலிஃபோனிக்கா என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு 2007இல் இதே குற்றத்துக்கு 15 கோடி யூரோவுக்கு மேல் அபராதம். 2014இல் ஸ்லோவாக் டெலிகாம் சிக்கியபோது, அதன் தாய் நிறுவனமான டாய்ச்ச டெலிகாமுக்கு, முன்பே தண்டனை வாங்கியதற்காகவும் சேர்த்து, ஒரு கூடுதல் தொகை விழுந்தது. (அமெரிக்காவில் 2009இல் உச்ச நீதிமன்றத்தின் லிங்க்லைன் தீர்ப்பு, மார்ஜின் ஸ்குவீஸ் என்று வழக்குப் போடும் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. அங்கிருந்து வரும் ஆலோசகர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.)

ஃபைபரில் சிக்கல் கொஞ்சம் வேறு. பல நாடுகளில் தொலைத்தொடர்பு ஆணையம் மொத்த விற்பனை விலையை யூரோ கணக்கில் நிர்ணயிப்பதே இல்லை. அதற்குப் பதில், பெரிய நிறுவனத்திடம் மொத்த விற்பனை விலைக்கு வாங்கி, அதன் சில்லறை விலைக்கே விற்று, திறமையான ஒருவர் பிழைக்க முடியுமா என்று சோதிக்கிறது. அந்தச் சோதனையில் சலுகைகளைப் பாருங்கள். முதல் ஆறு மாதம் பாதி விலை, டிவி பெட்டி இலவசம் என்பதையெல்லாம் எத்தனை மாதத்துக்குப் பரப்பிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் வழக்கு தோற்பதும் ஜெயிப்பதும். என் அனுபவத்தில் சிறு நிறுவனங்கள் கோட்டை விடுவதும் அங்கேதான்.

அந்த முதலாளியை உட்காரவைத்து, எதிராளியின் கடந்த மூன்று வருட விலைப்பட்டியல்களும் சலுகை விளம்பரங்களும் தேதியோடு இருக்கிறதா என்று கேட்டேன். இணையதளத்தில் பழைய விலை எப்போதோ அழிந்துவிட்டது. அவரிடம் இருந்தது அந்த ஒரு தாள்தான்.