கண்ணகி பேசும்போது மைக்கைப் பிடுங்காதீர்கள்

போன மாதமும் இதேதான் நடந்தது. தக்கலைப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழா. டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வருகிற ஒரு மரபணு நிலை, உள்ள பெண் ஒருத்தி கண்ணகியாக மேடையில் நிற்கிறாள், "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்கு மூச்சை இழுக்கிறாள், அதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் "பாவம், பிள்ளை கஷ்டப்படுது, எல்லாரும் கை தட்டுங்க" என்று மைக்கைப் பிடுங்கிவிட்டார். அவள் ஒன்றும் மறக்கவில்லை ஐயா, நிறுத்தினாள். பெரிய நடிகர் அந்த இடத்தில் நிறுத்தினால் ஆகா என்போம்.

நான் நாகர்கோவிலில் பேச்சுப் பயிற்சியாளர். எனக்கு அதிகம் எரிச்சல் வருவது ஒரே பேச்சுக்குத்தான்: "அறிவுசார் குறைபாடு உள்ளவங்களுக்குச் செய்யுள் என்ன புரியும், கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாங்க." சரி, ஒத்திகையில் பாண்டியனாக நின்ற பையன் சிரித்துவிட்டபோது இவள் சொன்னதைக் கேளுங்கள்: "எலே சிரிக்காத, எனக்க மாப்பிள செத்துப் போயிட்டான்லா." இதை எந்தக் கிளி சொல்லும்? கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்பதை ஒரு டப்பாவில் அரிசியும் இன்னொன்றில் புளியங்கொட்டையும் போட்டுக் குலுக்கிக் காட்டினேன், வழக்கு முழுவதும் பிடிபட்டுவிட்டது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பலருக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவதுதான் மனதில் நிற்கும், அதனால் ஒவ்வொரு சீருக்கும் ஒரு கையசைவு வைக்கிறோம். தாளமும் எதுகையும் இருப்பதால் வசனத்தைவிடச் செய்யுள்தான் அவர்களுக்கு வாகாக வருகிறது. நம்ம ஊர் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடுவாரே, அந்த இடைவெளி இவர்களுக்கு மூச்சுவிட அமைந்தது போலவே இருக்கும். இவ்வளவு இருக்க, இருபத்தைந்து வயது ஆளிடம் போய்க் குழந்தைப் பாட்டுப் பாடச் சொல்கிறீர்கள்!

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லா பிளாசா நாடகக் குழு டவுன் சிண்ட்ரோம் உள்ள 8 நடிகர்களை வைத்து ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் போட்டது. அறிவுசார் குறைபாடு உள்ள நடிகர்களின் குழுவான ஆஸ்திரேலியாவின் பேக் டு பேக் தியேட்டருக்கு 2024இல் இத்தாலியின் வெனிஸ் பியென்னாலே கலைவிழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருது கொடுத்தது. அதெல்லாம் பரிதாபத்துக்குக் கிடைத்த பரிசு இல்லை.

நடத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏழு மணி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்கு மேடை ஏற்றாதீர்கள், வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதும் மாத்திரை தள்ளிப்போவதும் ஆபத்து. வெட்டி வெட்டி எரிகிற லைட்டையும் அணைத்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும், குட்டிக்கரணம் வேண்டாம், கண்ணகி என்றாலும் தலையைச் சுழற்றி ஆட விடாதீர்கள், விரித்த கூந்தல் போதும். பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். செண்டைமேளத்தை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள், அப்புறம் அடம்பிடிக்கிறான் என்பீர்கள்.

பெற்றோரே, ஒரு வேண்டுகோள்: மேடைக்குக் கீழே நின்று அடியெடுத்துக் கொடுக்காதீர்கள். பத்து விநாடி பொறுத்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் சம்பளம். வில்லடிக்க வருகிறவருக்குப் பணம், இவர்களுக்கு மட்டும் பொன்னாடையும் பிஸ்கட் பாக்கெட்டும் என்பது என்ன கணக்கு? அடுத்த கோயில் கொடைவிழாவுக்குக் கூப்பிடும்போது ஒத்திகைக்கும் சேர்த்துத் தொகை பேசிவிட்டுக் கூப்பிடுங்கள், அதையும் அம்மாவிடம் பேசாமல் நடிக்கிற ஆளிடமே பேசுங்கள்.