சுவாலை உணரி: ‘தீ கண்டுபிடிப்பான்’ ஏன் பொருந்தாது

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வேலைத்தலங்களில் புழங்கும் தமிழ்ப் பாதுகாப்புக் கையேடுகளில், சுவாலை விடும் கதிரைப் பார்த்து எச்சரிக்கைச் சைகை அனுப்பும் ‘பிளேம் டிடெக்டர்’ என்ற கருவிக்குத் ‘தீ கண்டுபிடிப்பான்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சிலவற்றில் ‘தீ அறிவிப்பான்’. ஒரே கையேட்டின் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டும் வருவதும் உண்டு. இந்தப் பெயர்களைப் படித்துவிட்டு வேலைக்கு இறங்குகிறவர் கருவியிடம் இல்லாத ஆற்றலை எதிர்பார்ப்பார், இருக்கும் ஆற்றலைக் கெடுத்தும் விடுவார். எழுத வேண்டிய பெயர் ‘சுவாலை உணரி’.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘பிளேம்’ இலத்தீன் ‘பிளம்மா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘டிடெக்ட்’ என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள், மூடியதைத் திறத்தல். சுவாலை வடமொழி ‘ஜ்வாலா’வின் தமிழ் வடிவம். உணரி, ‘உணர்’ என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்தது.

‘தீ’ மிகப் பரந்த சொல். எண்ணெய் துடைத்த சாக்குக் குவியல் உள்ளுக்குள் கனன்றாலும் தீதான், வயரின் உறை கருகினாலும் தீதான். சுவாலை எழும்பும்வரை இந்தக் கருவி அவற்றைக் காணாது. ஐதரோகாபன் எரியும்போது உண்டாகும் சூடான காபனீரொட்சைட்டு 4.3 முதல் 4.4 வரையான மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் செங்கீழ்க் கதிரை (அகச்சிவப்புக் கதிரை) வலுவாக வெளிவிடும். சுவாலை அசைவதால் அந்தக் கதிர் செக்கனுக்கு ஏறத்தாழ 1 முதல் 10 தடவை கூடிக் குறையும். செங்கீழ் வகை உணரி இவ்விரண்டும் சேர்ந்து வந்தால்தான் சுவாலை என்று முடிவு செய்யும். கழியூதா (புற ஊதா) வகை 185 முதல் 260 வரையான நனோமீற்றர் கதிரைப் பார்க்கும். வெயிலின் அந்தப் பகுதியை வளிமண்டலம் உறிஞ்சிவிடுவதால் சூரியன் அதை ஏமாற்றாது, ஆனால் வெல்டிங் பொறியும் மின்னலும் ஏமாற்றும். ஐதரசன் எரிந்தால் காபனீரொட்சைட்டே உண்டாகாது. 4.3 மைக்ரோமீற்றர் பட்டையை மட்டும் நம்பும் உணரியின் முன்னால் ஐதரசன் எவ்வளவு நேரம் எரிந்தாலும் அது பேசாமல் இருக்கும். அதற்குக் கழியூதா வகையோ, சூடான நீராவியின் கதிரைப் பார்க்கும் வகையோ வேண்டும். இப்படிப்பட்ட கருவிக்குத் ‘தீ’ என்று பொதுப்பெயர் வைத்தால், புகை உணரியும் வெப்ப உணரியும் எதற்கு என்று கேட்கத்தான் செய்வார்கள்.

‘கண்டுபிடிப்பான்’ அதைவிடக் கெடுதல். கண்டுபிடித்தல் என்றாலே தேடிப்போய் எடுத்தல் என்ற எண்ணம் தமிழில் வந்துவிடும். சுவாலை உணரி எதையும் தேடாது. பொருத்திய இடத்திலிருந்து 90 முதல் 120 பாகை வரையான கூம்புக்குள், தடையில்லாமல் நேரே தெரிவதை மட்டும் பார்க்கும். கூம்பின் ஓரத்தில் அதன் எட்டும் தூரம் பல தயாரிப்புகளில் பாதியாகிவிடும். பம்பி அறையில் நான்கு பீப்பாய்களை உணரியின் முன்னால் அடுக்கினால், பீப்பாய்களுக்குப் பின்னால் எரிவது அதற்கு இல்லவே இல்லை. இதைத் தடுக்கத்தான் ஒரே இடத்தை எதிரெதிர் மூலைகளிலிருந்து இரண்டு உணரிகள் பார்க்கும்படி வைக்கிறார்கள். அங்குள்ள மிக உயரமான பொருளுக்கும் மேலே, அதிராத இரும்புத் தாங்கியில், 30 முதல் 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்த வேண்டும். அடிவானம் உணரியின் முகப்புக் கண்ணாடிக்குள் விழுந்தால் சாய்வு போதாது. கடல்நீரில் தெறிக்கும் காலை வெயிலும், பக்கத்துக் காணியில் எரிக்கும் குப்பையும் உணரியின் பார்வைக்குள் வரும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய நியமம் ஈ.என். 54-10, இந்த உணரிகளை 25, 17, 12 மீற்றர் என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. மூன்று செங்கீழ்ப் பட்டைகளைப் பார்க்கும் வகைக்கு 60 மீற்றர், அதற்கும் மேல் என்று விளம்பரத் தாளில் போட்டிருக்கும். அந்த எண், ஏறத்தாழ 0.1 சதுர மீற்றர் தட்டில் எரியும் ஹெப்டேன் என்ற திரவ ஐதரோகாபனுக்கு உரியது. தூரம் இரட்டித்தால் வந்து சேரும் கதிர் காற்பங்காகும். எந்த எரிபொருள், எவ்வளவு பெரிய சுவாலை என்று சொல்லாமல் ‘60 மீற்றர் வரை தீயைக் கண்டுபிடிக்கும்’ என்று மொழிபெயர்ப்பது படிப்பவரை ஏமாற்றும் வேலை.

‘தீ அறிவிப்பான்’ என்பதில் வேறொரு சிக்கல். அறிவிப்பது உணரி அல்ல, கட்டுப்பாட்டுப் பலகையும் அதோடு இணைந்த மணியும் விளக்கும்தான். உணரி பலகைக்கு ஒரு மின்னோட்டத்தை அனுப்பும். பல தயாரிப்புகளில் 4 மில்லியம்பியர் என்றால் எல்லாம் சரி, 20 என்றால் சுவாலை, 2 என்றால் கண்ணாடி அழுக்கு, 0 என்றால் வயர் அறுந்தது அல்லது மின் இல்லை. பலகையில் ‘அறிவிப்பான் பழுது’ என்று விழுந்தால், பெயரை நம்பி மணியைக் கழற்றிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் உப்புப் படிந்திருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே அந்த உப்புதான் முதல் எதிரி. மென்மையான பருத்தித் துணியும் சுத்தமான நீரும் போதும். எண்ணெய்ப் படலம் இருந்தால் மட்டும் மென்மையான சவர்க்கார நீர். கழியூதாவை மறைக்க, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலமே போதும். செங்கீழை நீர்த்துளியும் மறைக்கும்.

இனி மாற்றுச் சொற்கள். தூய தமிழ் வேண்டுவோர் ‘சுடர் உணரி’ என்கிறார்கள். தமிழ்நாட்டு நூல்களிலும் சுடர்தான். சொல்லழகில் குறையில்லை, எனக்கும் அந்தச் சொல்லில் பிரியம் உண்டு. ஆனால் சுடர் சுவாலையை மட்டும் குறிப்பதல்ல. ஞாயிறும் சுடர், திங்களும் சுடர், அவற்றோடு தீயையும் சேர்த்து முச்சுடர் என்பது பழைய வழக்கு. ‘சுடச்சுடரும் பொன்’ என்ற குறளில் சுடர்தல் ஒளிவிடுதல்தான், அங்கே பொன்னில் சுவாலை இல்லை. சூரியனையும் சுவாலையையும் பிரித்தறிவதற்காகவே செய்த ஒரு கருவிக்கு, இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் சொல்லைப் பெயராக வைப்பது முறையில்லை. ‘பிழம்பு’ திரட்சியைக் குறிக்கும், எரிமலைக் குழம்புக்கும் அது வரும். ‘தழல்’ என்றால் சுவாலை எழாத கனலையும் நினைக்க இடமுண்டு. ‘கொழுந்து’ பொருளில் சரியாக அமர்ந்தாலும், ‘கொழுந்து உணரி’ என்றால் இலங்கையில் தேயிலைதான் நினைவுக்கு வரும்.

‘சுவாலைகாணி’ என்ற ஆக்கத்தையும் சிலர் முன்வைக்கிறார்கள். எங்கள் பேச்சில் காணி என்றால் நிலம், அந்த வழக்கை யாராலும் மாற்ற முடியாது. ‘சுவாலைகாட்டி’யும் உதவாது. இரசாயனப் பாடத்தில் நிறம் மாறும் பொருளுக்குக் ‘காட்டி’ என்ற பெயர் எப்போதோ உறுதியாகிவிட்டது. சுவாலையோ, பன்சன் சுவாலையும் சுவாலைச் சோதனையும் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். வடமொழி என்பதற்காக அதைத் தள்ளிவிட்டு, விளக்கம் கேட்கும் சொல்லை ஆபத்தான இடத்தில் எழுதி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. உணரியைச் சென்சருக்குக் கொடுத்துவிட்டோமே என்ற தடையை நியாயமாகவே எழுப்புகிறார்கள். உள்ளே இருக்கும் சிறு பாகத்தை உணர்மூலகம் என்றால் அது தீர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், கருவியைத் திறப்பதில்லை. இதே கருவியின் உலோகப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் ‘பிளேம்புரூப்’ என்ற அடைமொழி உண்டு. அதைத் ‘தீப்பிடிக்காத பெட்டி’ என்கிறார்கள். பெட்டிக்குள் வாயு புகுந்து வெடிக்கலாம் என்பது வடிவமைப்பிலேயே எதிர்பார்த்த ஒன்று. வெடித்த வாயு மூடியின் நுண்ணிய இடுக்கு வழியே வெளிவரும்போது குளிர்ந்து, வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காமல் போகும். ‘சுவாலையடக்கப் பெட்டி’ என்றால் இது விளங்கும். தீப்பிடிக்காதது என்று படித்தவர் மின்னை நிறுத்தாமலே மூடியைத் திறப்பார், துருவைப் போக்க மூடியின் விளிம்பை அரத்தால் தேய்ப்பார். அதன்பின் அந்தப் பெட்டியால் எதையும் அடக்க முடியாது.

உணரியைச் சோதிக்கும் முறையில் வரும் ‘இன்ஹிபிட்’ என்ற கட்டளையைச் ‘செயலிழக்கச் செய்க’ என்று எழுதுவது இன்னும் பெரிய தவறு. சுவாலையைப் போன்ற கதிரை விடும் சோதனை விளக்கை உணரிக்குக் காட்டுவதற்கு முன், நுரையையோ நீர்த்தூவலையோ தானாகத் திறக்கும் கட்டளையை மட்டும் பலகையில் நிறுத்திவைக்க வேண்டும், உணரி விழித்தபடி இருக்க வேண்டும். செயலிழக்கச் செய் என்றால் தொழிலாளி 24 வோல்ற் மின்னைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பகுதி குருடாகும், சோதனையும் நடக்காது. ‘வெளியீட்டை நிறுத்திவை’ என்று எழுதினால் எது நிற்க வேண்டும் என்பது தெளிவு. சோதனை முடிந்து, பலகையை மீளமைத்து, மின்னோட்டம் 4 மில்லியம்பியருக்குத் திரும்பியதைப் பார்த்த பிறகே நிறுத்தலை நீக்க வேண்டும். 20இல் நிற்கும்போது நீக்கினால் நுரை கொட்டும்.

புதிதாக அறிவித்தல் அடிப்போர் உணரிக்குக் கீழே இப்படி எழுதலாம்: ‘சுவாலை உணரி. முன்னால் பொருள் அடுக்காதே. வர்ணம் பூசாதே. வெல்டிங் வேலைக்கு முன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்.’