நின்றுபோன இதயத்தைச் சுற்றி நின்றவர்கள்

எங்கள் பெரியப்பாவைக் காப்பாற்றியது யார் என்று குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சர்ஜன் பெயர்தான் வரும். பெரியம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பேரன் பேத்திகளுக்குக்கூட அந்தப் பெயர் மனப்பாடம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் கோப்பில் இருந்த ஆபரேஷன் குறிப்பைப் புரட்டியபோது ‘பெர்ஃப்யூஷனிஸ்ட்’ என்பதற்கு எதிரே இன்னொரு பெயர் இருந்தது. யார் அது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதயத்தை நிறுத்திவைத்திருந்த நேரமெல்லாம் பெரியப்பாவின் உடம்புக்கு ரத்தம் அனுப்பிக்கொண்டிருந்தவர் அந்த மனிதர்தான்.

யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது, உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் தெரியும். அதனால் உள்ளே போவோம்.

பெரியப்பாவுக்கு வந்தது மாரடைப்பு அல்ல. அயோர்டிக் டிசெக்‌ஷன் எனப்படும் பெருந்தமனிக் கிழிசல். இதயத்திலிருந்து புறப்படும் முதல் குழாய் பெருந்தமனி. சுமார் 3 சென்டிமீட்டர் அகலம், மூன்று அடுக்குச் சுவர். உயர் ரத்த அழுத்தத்தில் பல வருடம் அடிபட்டு உள் அடுக்கில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் பாயும் ரத்தம் அந்தக் கீறல் வழியே நடு அடுக்குக்குள் நுழைந்து, வாழைமரத்தின் பட்டையை உரிப்பதுபோல அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். குழாய்க்குள் ஒரு பொய்க்குழாய் உருவாகிவிடும். நெஞ்சிலோ இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவிலோ திடீரென்று கிழிப்பது போன்ற வலி வரும். பிரிந்த அடுக்கு மூளைக்குப் போகும் கிளையை அடைத்தால் பக்கவாதம். இதயத்துக்கு ரத்தம் தரும் கிளையை அடைத்தால் மாரடைப்பு. வெளிச்சுவர் வெடித்து இதய உறைக்குள் ரத்தம் கொட்டினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1760-ல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜார்ஜ் காலையில் திடீரென்று விழுந்து இறந்தபோது உடலைத் திறந்து பார்த்தவர்கள் கண்டது இந்தக் கிழிசலைத்தான். இதயத்தை ஒட்டிய ஏறுபகுதியில் கிழிந்து, சிகிச்சையும் இல்லையென்றால், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் வரை மரண அபாயம் ஏறிக்கொண்டே போகும் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேஷுவால்டிக்கு வருகிறவர்களில் மாரடைப்புக்காரர்கள் ஏராளம். கிழிசல்காரர் எப்போதாவது ஒருவர். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால், கிழிசல் உள்ளவருக்கு அது எமன். ஆக இந்தக் கதையில் முதல் உயிர்காப்பு, கத்தி எடுப்பதற்கு வெகுநேரம் முன்பே, ஒரு டியூட்டி டாக்டருக்கு வந்த சந்தேகத்தில் நடக்கிறது. இரண்டு கையிலும் தனித்தனியே பி.பி. பார்க்கச் சொல்கிறார். கைக்குக் கை 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு கைக்குப் போகும் கிளையைப் பிரிந்த அடுக்கு நசுக்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ரத்தநாளத்தில் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தால், பெருந்தமனிக்கு நடுவில் மெல்லிய கோடாக அந்தத் திரை தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அந்த டாக்டரின் முகம்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை.

தியேட்டர் தயாராகும்வரை நர்ஸ் கையில்தான் பொறுப்பு. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டி, மேல் அழுத்தம் 100-க்கும் 120-க்கும் நடுவே நிற்க வேண்டும். இதில் ஒரு வரிசை இருக்கிறது: துடிப்பை அடக்கும் மருந்து முதலில், அழுத்தத்தை இறக்கும் மருந்து அப்புறம். அழுத்தத்தை மட்டும் இறக்கினால் உடம்பு பயந்துபோய் இதயத்தை விரட்டும். ஒவ்வொரு விரட்டும் கிழிசலை இன்னும் கொஞ்சம் நீட்டும். ஊசிப்பம்பில் அரை மில்லி ஏற்றி, அரை மில்லி இறக்கி, மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் அந்த வேலை நடக்கிறது.

அதே நேரம் பிளட் பேங்கில் ஒரு டெக்னீஷியன் ரத்த வகை பார்த்து, நோயாளியின் சீரத்தோடு ஒவ்வொரு பையையும் ஒத்துப்பார்க்கிறார். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் இருக்கும். பிளாஸ்மா உறைநிலையில் கல்லாகக் கிடக்கும். 37 டிகிரி நீரில் வைத்து உருக்க அரைமணி நேரம் வேண்டும். தட்டணுக்களோ குளிரவே கூடாது. 22 டிகிரியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும், அப்படியும் ஆயுள் 5 நாள்தான். சர்ஜன் கேட்கும்போது உருக்க ஆரம்பித்தால் கதை கந்தல். கேட்பார் என்று முன்கூட்டியே கணித்து உருக்க வேண்டும்.

இனி பெர்ஃப்யூஷனிஸ்ட். ஓய்வில் இருக்கும் ஒரு மனித இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்புகிறது. அந்த வேலையையும் நுரையீரலின் வேலையையும் சேர்த்துச் செய்வது ஹார்ட்-லங் மெஷின். இதயத்தின் வலது மேலறையில் செருகிய தடித்த குழாய் வழியே கருஞ்சிவப்பு ரத்தம் கீழிறங்கி ஒரு தொட்டியில் சேரும். அங்கிருந்து பம்பு அதைத் தள்ளும். அடுத்து ஆக்சிஜனேட்டர்: தலைமுடியைவிடச் சில மடங்கு தடித்த, உள்ளே பொள்ளலான ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் இழைகள். இழைக்குள்ளே வாயு, வெளியே ரத்தம். நுண்துளைகள் வழியே ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறும், கரியமில வாயு வெளியேறும். இழைகளின் பரப்பு மொத்தமே 2 சதுர மீட்டர் அளவுதான். நம் நுரையீரலின் உள்பரப்போ 50 சதுர மீட்டருக்கும் மேல். பக்கத்திலேயே ரத்தத்தைக் குளிர்விக்கவும் சூடேற்றவும் ஓர் அறை. கடைசியில் வடிகட்டி, குமிழி கண்டறியும் சென்சார், பிறகு உடம்பு. தொட்டியில் மட்டம் தாழ்ந்து காற்று உள்ளே போய்விட்டால் அது நேராக மூளைக்குத்தான் போகும். அதனால் பெர்ஃப்யூஷனிஸ்ட்டின் ஒரு கண் எப்போதும் தொட்டியின் மட்டத்தில்.

ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டால் உறையும். அதைத் தடுக்க ஹெப்பாரின். உறையும் நேரம் சாதாரணமாக 2 நிமிடத்துக்குள் இருக்கும். அது 480 விநாடியைத் தாண்டியது என்று அளந்து, உரக்கச் சொன்ன பிறகுதான் மெஷின் ஓடும். எல்லாம் முடிந்ததும் ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின். முன்னது பெரும்பாலும் பன்றிக்குடலிலிருந்து எடுப்பது, பின்னது சால்மன் மீனின் விந்திலிருந்து வந்தது. நன்றிப் பட்டியல் இப்படியே நீண்டால் எங்கே போய் நிற்குமோ!

இந்த மெஷினுக்கு இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவர் ஜான் கிப்பன் என்ற அமெரிக்க சர்ஜன். 1930-களின் தொடக்கத்தில், பாஸ்டனில், நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து, ரத்தம் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தவர். கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, சிவப்பாக்கி, திரும்ப அனுப்ப முடிந்தால் என்ன என்று யோசித்தார். அவர் மனைவி மேரிதான் ஆய்வகத்தில் கூட்டாளி. 1953 மே 6-ம் தேதி பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதயத்தில் இருந்த ஓட்டையை மூடியபோது, 26 நிமிடம் அந்தப் பெண்ணின் உயிர் முழுக்க மெஷினில் இருந்தது. அடுத்த நோயாளிகள் இறந்துபோக, மனமுடைந்த கிப்பன் அதோடு விட்டுவிட்டார். மினசோட்டாவில் வால்டன் லில்லெஹை வேறு வழியில் போனார்: 1954-ல் குழந்தையை ஒரு மேசையிலும், தந்தையையோ தாயையோ பக்கத்து மேசையிலும் படுக்கவைத்து, பெற்றவரின் இதயமும் நுரையீரலுமே குழந்தைக்கு மெஷினாக வேலை செய்யும்படி குழாய்களை இணைத்தார். அப்படி 45 ஆபரேஷன் செய்தார்கள். 1955-ல் மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின், கிப்பனின் மெஷினைத் திருத்திப் பயன்படுத்திய பிறகுதான் அது வழக்கத்துக்கு வந்தது. இந்தியாவில் 1960-களின் தொடக்கத்தில் இந்த அறுவையை ஆரம்பித்த இடங்களில் வேலூர் சி.எம்.சி.யும் ஒன்று.

மெஷின் ஓடத் தொடங்கியதும் இதயத்தை நிறுத்த வேண்டும். அதற்குப் பொட்டாசியம். இதயத்தசைச் செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வில்தான் அது அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. வெளியேயும் பொட்டாசியத்தைக் கூட்டிவிட்டால் செல்லின் சோடியம் வாசல்கள் மறுபடி தயாராக முடியாது. இதயம் விரிந்த நிலையில் தளர்ந்து நின்றுவிடும். குளிர்ந்த கரைசலாக அதைக் கொடுப்பதால் தசையின் பசியும் அடங்கும். மருந்தின் வகையைப் பொறுத்து மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும். அந்தக் கடிகாரமும் பெர்ஃப்யூஷனிஸ்ட்டிடம்தான்.

பெருந்தமனிக் கிழிசலில் இதோடு முடிவதில்லை. கிழிசல் பெரும்பாலும் வளைவுவரை போயிருக்கும். மூளைக்கான கிளைகள் பிரிவது அங்கேதான். அந்த இடத்தைத் தைக்க வேண்டுமானால் மெஷினின் ஓட்டத்தையும் நிறுத்தியாக வேண்டும். சாதாரண உடல் வெப்பத்தில் 4, 5 நிமிடம் ரத்தம் இல்லாவிட்டாலே மூளை பாழாகத் தொடங்கும். தப்பிக்க ஒரே வழி குளிர். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை 6, 7 சதவீதம் குறையும். 18 டிகிரிக்கு இறக்கினால் அரைமணி நேரம் கையில் கிடைக்கும். இப்போது பல இடங்களில் அவ்வளவு இறக்காமல் 25, 28 டிகிரியில் நிறுத்தி, வலது அக்குள் தமனி வழியே மூளைக்கு மட்டும் சிறு ஓட்டம் கொடுத்துக்கொண்டே தைக்கிறார்கள். மூளைக்கு ஆக்சிஜன் போதுகிறதா என்று நெற்றியில் ஒட்டிய சென்சார் காட்டும் எண்ணை மயக்க மருத்துவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்க்ரப் நர்ஸ், சர்ஜன் கேட்பதற்குள் அடுத்த தையல் ஊசியை அவர் கையில் வைப்பார்.

கிழிந்த பகுதியை வெட்டி எடுத்த இடத்தில் வைப்பது டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணிக்குழாய். அதற்குப் பின்னால் மைக்கேல் டிபேக்கி என்ற மனிதரின் கதை இருக்கிறது. லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லூசியானாவில் 1908-ல் பிறந்தவர். அம்மாவிடம் தையல் கற்றவர். மருத்துவ மாணவராக இருந்தபோது அவர் திருத்தி அமைத்த உருளைப் பம்புதான் பின்னால் கிப்பனின் மெஷினுக்குள் போனது. ஹூஸ்டனில் ஒரு துணிக்கடைக்கு நைலான் வாங்கப் போய், அது தீர்ந்துபோனதால் டேக்ரானை வாங்கிவந்து, வீட்டுத் தையல் மெஷினில் செயற்கை ரத்தக்குழாயைத் தைத்தார். 1950-களின் நடுவில் கிழிந்த பெருந்தமனியை அறுவை செய்து சரிசெய்த முன்னோடிகள் அவரும் அவர் சகாக்களும்தான்.

2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், வீட்டில் தனியாக இருந்தபோது டிபேக்கிக்கு அதே வலி வந்தது. என்ன நோய் என்று அவரே கண்டுபிடித்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வாரங்கள் போயின, பெருந்தமனி வீங்கிக்கொண்டே போனது, அவர் நினைவிழந்தார். அந்த வயதில் யாரும் இதைத் தாங்கியதில்லை என்று அவர் மருத்துவமனை மயக்க மருத்துவர்களே மறுத்தார்கள். நெறிமுறைக் குழு இரவில் கூடி விவாதித்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி காத்ரின் அந்த அறைக்குள் போய், உடனே செய்யுங்கள் என்றார். டிபேக்கியோடு முன்பு வேலை செய்த ஒரு மயக்க மருத்துவர் வந்தார். பல்லாண்டுக் கூட்டாளியான ஜார்ஜ் நூன் தலைமையில் 2006 பிப்ரவரியில் சுமார் ஏழு மணி நேர ஆபரேஷன் நடந்தது. பிறகு மாதக்கணக்கில் மருத்துவமனை, செயற்கை சுவாசம், டயாலிசிஸ். பிழைத்தார். வேண்டாம் என்று சொன்ன மனிதர், தன் பேச்சைக் கேட்காதவர்கள் செய்தது சரிதான் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். 2008 ஜூலையில் 99 வயதில் இறந்தார். நோயாளி மறுத்ததை மீறிச் செய்யலாமா என்ற கேள்வி இன்னும் மருத்துவர்களிடையே உண்டு. எனக்கும் அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அந்தக் குழுவின் கை பிசகவில்லை.

தைத்து முடித்ததும் உடம்பை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் கரைந்த வாயு குமிழியாகும், மூளையும் சூடாகிவிடும். பொட்டாசியம் கழுவப்பட்டதும் பல சமயம் இதயம் தானே துடிக்கும். சில சமயம் நெளிந்து நடுங்கும், அப்போது சின்ன ஷாக் ஒன்று. மெஷினின் ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இதயத்திடம் பொறுப்பை ஒப்படைப்பார்கள். குளிரும் மெஷினும் சேர்ந்து ரத்தத்தின் உறையும் சக்தியைக் குலைத்திருக்கும். முன்பு உருக்கிவைத்த பிளாஸ்மாவும், ஆட்டிக்கொண்டிருந்த தட்டணுவும் இப்போதுதான் வேலைக்கு வருகின்றன.

ஐ.சி.யூ.வில் முதல் இரவு, மார்பிலிருந்து வரும் குழாயில் மணிக்கு எத்தனை மில்லி ரத்தம் என்று சிஸ்டர் குறித்துக்கொண்டே இருப்பார். 200-ஐத் தாண்டி நிற்காமல் போனால் மறுபடி தியேட்டர்தான். திடீரென்று நின்றாலும் நல்லதல்ல. குழாய் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கியிருக்கலாம். மயக்கம் தெளிகையில் “ஐயா, கையை அழுத்துங்க, காலை அசைங்க” என்று கேட்பது அன்புக்காக மட்டும் அல்ல. குளிர்ந்திருந்த மூளை பிழைத்ததா என்பதற்கு முதல் பரிசோதனை அதுதான்.

இவர்களில் முக்கால்வாசிப் பேரை ஆபரேஷன் குறிப்பிலும், பெர்ஃப்யூஷன் சார்ட்டிலும், நர்ஸ் குறிப்பேட்டிலும் தேடிக் கண்டுபிடிக்கலாம். பெர்ஃப்யூஷனிஸ்ட்டைப் பார்க்க அண்ணன் நேரில் போனார். மனிதர் திகைத்துப்போய், எந்த வார்டு கேஸ் என்று கேட்டாராம். கண்டுபிடிக்கவே முடியாதவர்கள் ரத்தம் கொடுத்தவர்கள் மட்டும்தான். பையில் எண் இருக்கும், பெயர் இருக்காது. அந்தக் கடனை அண்ணன் பிளட் பேங்கிலேயே அடைத்துக்கொண்டிருக்கிறார். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.